இளங்கலை வரலாறு, இலக்கியம்: "விவரம் இருக்கிறது, வாதம் எங்கே?" என்று எழுதிக் கொடுத்தால் என்ன செய்வது?

வினாக்குறி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இளங்கலை முதல் ஆண்டு. வரலாறு முக்கியப் பாடம், இலக்கியம் துணைப்பாடம். விரும்பித்தான் சேர்ந்தேன், அதில் குழப்பமில்லை. எப்படிப் படிப்பது என்பதில்தான் குழப்பம்.

பள்ளியில் ஒரு பாடப்புத்தகம் இருந்தது. அதைப் படித்தால் தேர்வு எழுதிவிடலாம். இங்கே வாரத்துக்கு வகுப்பே கொஞ்ச நேரம்தான், ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரு வாசிப்புப் பட்டியல் வந்து விழுகிறது. அதில் இரண்டைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த பட்டியல் வந்துவிடுகிறது.

இப்போது முதல் கட்டுரை திரும்பி வந்திருக்கிறது. தலைப்பு, 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோய் இங்கிலாந்தின் உழைப்பாளர்களை எப்படிப் பாதித்தது என்பது. நோய் 1348இல் வந்தது, 1349இல் கூலியைக் கட்டுப்படுத்த அரசாணை, 1351இல் உழைப்பாளர் சட்டம், 1381இல் குடியானவர் கிளர்ச்சி என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருந்தேன். மதிப்பெண் பரவாயில்லை. ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்தது ஒரே வரி: "விவரம் இருக்கிறது, வாதம் எங்கே?"

வாதம் என்றால் என்ன எதிர்பார்க்கிறார்கள்? எதையாவது எதிர்க்க வேண்டுமா? கடந்து வந்தவர்கள் கொஞ்சம் விளக்கினால் உதவியாக இருக்கும்.

இரவு வகுப்பு

வாதம் பற்றி இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். நான் நேரக் கணக்கை மட்டும் சொல்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவள் நான், நேரம்தான் எனக்கு முதல் பிரச்சினை.

"வகுப்பு கொஞ்ச நேரம்தான்" என்பதை ஓய்வு நேரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு முழு ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம். அறிவியல் மாணவர்களுக்கு அதில் கணிசமான பகுதி வகுப்பிலும் ஆய்வுக்கூடத்திலும் போய்விடும். நமக்கு அதே நேரத்தை வாசிப்புக்கும் எழுத்துக்கும் ஒதுக்கி, திட்டமிடும் பொறுப்பையும் நம்மிடமே விட்டுவிடுகிறார்கள். வேறு கிரெடிட் முறை உள்ள இடங்களிலும் இதே எதிர்பார்ப்புதான் இருக்கும்.

அதனால் வாசிப்பை அட்டவணையில் வகுப்பு மாதிரியே எழுதி வையுங்கள். "நேரம் கிடைக்கும்போது படிப்பேன்" என்றால் அந்த நேரம் கிடைக்காது.

பழைய ஏடு

தம்பி, நான் நீண்ட காலம் வரலாறு கற்பித்தவன். அந்த ஓரக்குறிப்பை நானும் எத்தனையோ தாள்களில் எழுதியிருக்கிறேன். அதற்குப் பின்னால் இருப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாதம் என்றால் சண்டை இல்லை. ஒரு கேள்விக்கு நீங்கள் தரும் பதில், அந்தப் பதிலை ஏன் ஒருவர் ஏற்க வேண்டும் என்பதற்கான காரணம், இரண்டும் சேர்ந்ததுதான் வாதம். உங்கள் கட்டுரையில் நடந்ததெல்லாம் இருக்கிறது. நீங்கள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள் என்பது இல்லை.

நீங்களே குறிப்பிட்ட 1351ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். நோயால் ஆள் பற்றாக்குறையான அந்த நேரத்தில், நோய்க்கு முன்பிருந்த கூலிக்கு மேல் யாரும் கேட்கவோ கொடுக்கவோ கூடாது என்றது அது. இதை மூன்று விதமாக எழுதலாம்.

முதல் விதம்: "1351இல் அரசு கூலியைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது." இது தகவல். யாரும் மறுக்கப்போவதில்லை, அதனால் இது வாதமும் இல்லை.

இரண்டாவது: "1351ஆம் ஆண்டுச் சட்டத்தால் உழைப்பாளர்களின் கூலி பழைய நிலைக்கே தள்ளப்பட்டது." இது வாதம், ஆனால் பலவீனமானது. சட்டம் போட்டார்கள் என்பதும், சட்டம் நடந்தது என்பதும் வேறு வேறு. சட்டத்தின் வாசகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாட்டில் என்ன நடந்தது என்று சொல்ல முடியாது.

மூன்றாவது: "1349இல் ஆணை போட்ட அரசு இரண்டே ஆண்டுகளில் மறுபடி சட்டம் போட வேண்டியிருந்தது என்பதே, உழைப்பாளர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள், முதலாளிகளும் கொடுத்தார்கள் என்பதற்கு அடையாளம்." இங்கேதான் நீங்கள் வரலாறு எழுத ஆரம்பிக்கிறீர்கள். ஒன்றைத் தடுக்கும் சட்டம், அந்த ஒன்று நடந்துகொண்டிருந்தது என்பதற்குச் சாட்சி சொல்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் சொல்ல நினைத்தது ஒன்று, அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்வது வேறொன்று. ஆவணத்தை இப்படி அதன் நோக்கத்துக்குக் குறுக்கே படிப்பதற்குத்தான் மூன்று நான்கு ஆண்டுகள் பயிற்சி தருகிறார்கள்.

நீங்கள் திரட்டிய விவரங்களில் ஒன்றைக்கூடத் தூக்கிப்போட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு கேள்வியின் கீழ் கொண்டுவாருங்கள். எது பொருந்தவில்லையோ அது தானாக உதிர்ந்துவிடும்.

எதிர்வாதி

பழைய ஏடு ஐயா சொன்னது சரிதான். ஆனால் இதைப் படிக்கும் மற்ற முதல் ஆண்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "விவரம் முக்கியமில்லை, வாதம்தான் முக்கியம்" என்று புரிந்துகொண்டுவிடாதீர்கள். என் வகுப்பில் அப்படிப் புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். முதல் பத்தியிலேயே அதிகாரம், அடையாளம், கட்டமைப்பு என்று பெரிய பெரிய சொற்களை அடுக்குவார்கள். அந்த நூற்றாண்டில் யார் அரசர் என்று கேட்டால் தெரியாது. வினாக்குறி விவரத்தில் வலுவாக இருக்கிறார். அது நல்ல அஸ்திவாரம், அதைக் குறைவாகப் பேச வேண்டாம்.

இன்னொன்று. பட்டியலில் உள்ளதை முழுக்கப் படிக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. குறுக்குவழி தேடினால் மேலோட்டமாகத்தான் போகும்.

நடுப்பக்கம்

இலக்கியம், இறுதி ஆண்டு. எதிர்வாதி சொன்ன முதல் பாதி நூற்றுக்கு நூறு சரி. இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை.

வாசிப்புப் பட்டியலில் இருப்பதெல்லாம் ஒரே வகை இல்லை. சிலவற்றை வரி வரியாகப் படித்தே ஆக வேண்டும். அந்த வார வகுப்பின் மூலநூல் அப்படிப்பட்டது: கவிதை, நாடகம், சட்டம், கடிதம் எதுவானாலும். மற்றவை அந்த மூலத்தைப் பற்றி அறிஞர்கள் எழுதியவை. அவற்றை முதலில் முன்னுரை, முடிவுரை, பொருளடக்கம் என்று பார்த்து, இவர் என்ன சொல்ல வருகிறார், யாரோடு முரண்படுகிறார் என்று இரண்டு வரி எழுத முடிந்தால் போதும். அப்புறம் உங்கள் கேள்விக்குத் தேவையான இயலை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இது குறுக்குவழி இல்லை. ஆய்வாளர்களும் இப்படித்தான் படிக்கிறார்கள். அந்த நூலாசிரியர்களும், வாசகர்கள் இப்படிப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் முன்னுரையில் மொத்த வாதத்தையும் வைக்கிறார்கள்.

ஆனால் மூலத்தில் அவசரம் கூடாது. வினாக்குறிக்கு இலக்கியமும் இருப்பதால் ஓர் உதாரணம் சொல்கிறேன். குறுந்தொகையின் மூன்றாம் பாடல், நான்கே வரி. தலைவனோடு தனக்குள்ள நட்பைத் தலைவி சொல்கிறாள். "நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆரளவின்றே" என்று தொடங்குகிறது. சாதாரணமாகப் படித்தால் "காதல் ரொம்பப் பெரியது என்கிறாள்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். தேர்வுக்கு அதுவே போதும் என்றுகூடத் தோன்றும்.

இப்போது நிதானமாகப் பாருங்கள். நிலம் அகலம், வானம் உயரம், நீர் ஆழம். மூன்று திசையிலும் அளந்து பார்க்கிறாள், மூன்றிலும் அளவு மிஞ்சிப்போகிறது. அடுத்து இன்னும் பெரிதாக என்ன வரும் என்று பார்த்தால், மலைச்சாரலில் கரிய காம்புள்ள குறிஞ்சிப் பூ வருகிறது, அதிலிருந்து தேன் இழைக்கப்படுகிறது. உலகளவிலிருந்து ஒரு பூவளவுக்கு இறங்கிவிட்டாள். ஏன்? தேன் சின்னச் சின்னப் பூக்களிலிருந்து துளித்துளியாகச் சேர்வது. முதல் பாதி அந்த நட்பு எவ்வளவு பெரியது என்கிறது, இரண்டாம் பாதி அது எப்படிச் சேர்ந்தது என்கிறது. இன்னும் ஒன்று: இத்தனைக்கும் எது பெரியது, எது உயர்ந்தது என்று கடைசிச் சொல் வரை அவள் சொல்லவில்லை. "நட்பே" என்பதுதான் பாட்டின் கடைசிச் சொல்.

இதோடு நிற்க வேண்டாம். பாட்டின் கீழே ஒரு துறைக்குறிப்பு இருக்கும். தோழி தலைவனைக் குறை சொன்னபோது, அவன் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, தலைவி அவனுக்கு ஆதரவாகப் பேசியது என்று. அந்தக் குறிப்போடு படித்தால் இந்தப் பாட்டு ஒரு பதில். குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தால் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலவும் இருக்கிறது. குறிப்புகள் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. அவற்றை எவ்வளவு தூரம் நம்பிப் படிப்பது? இந்தக் கேள்வியிலிருந்து ஒரு முழுக் கட்டுரை எழுதலாம். நான்கு வரிப் பாட்டுக்கு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தாலும் அது வீணில்லை. எல்லாப் புத்தகத்தையும் அட்டை முதல் அட்டை வரை படிக்கிறேன் என்று கிளம்பினால் இந்த மாலைதான் பறிபோகும்.

வினாக்குறி

நடுப்பக்கம் அக்கா, அந்தப் பாட்டைப் பள்ளியிலேயே படித்திருக்கிறேன். பூவளவுக்கு இறங்குவது என்பதை யோசித்ததே இல்லை. நன்றி.

பழைய ஏடு ஐயா சொன்னதை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். சரியா என்று சொல்லுங்கள்.

"கொள்ளைநோயால் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதால் உழைப்பாளர்களின் கை ஓங்கியது, அவர்கள் வாழ்க்கை உடனே மேம்பட்டது, சட்டத்தால் அதைத் தடுக்க முடியவில்லை."

எதிர்வாதி

வாக்கியம் முன்பைவிட எவ்வளவோ மேல். ஆனால் "உடனே மேம்பட்டது" என்பதில் மாட்டிக்கொள்வீர்கள். நோய்க்குப் பிறகு கையில் வாங்கிய கூலி ஏறியது உண்மை. ஆனால் விலைவாசியும் ஏறியது. அந்தக் கூலியால் என்ன வாங்க முடிந்தது என்று பார்த்தால், தெளிவான முன்னேற்றம் 1370களின் பின்பகுதியில் தானிய விலை இறங்கிய பிறகுதான் தெரிகிறது. பொருளாதார வரலாற்றுக்காரர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். முதல் இருபத்தைந்து ஆண்டுகளை "உடனே" என்ற ஒரு சொல்லில் தாண்டிவிட்டீர்கள்.

வினாக்குறி

அப்படியானால் என் வாதம் தவறா? மறுபடி முதலிலிருந்து வர வேண்டுமா?

பழைய ஏடு

வேண்டியதே இல்லை. எதிர்வாதி உங்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார். உங்கள் கருத்துக்கு எதிரான சான்று வந்தால் கருத்தைக் கைவிட வேண்டும் என்பதில்லை, அதன் எல்லையைத் திருத்த வேண்டும். இப்படி மாற்றிப் பாருங்கள்:

"நோய்க்குப் பிந்தைய முதல் தலைமுறையில் உழைப்பாளர்களுக்குக் கிடைத்தது வசதியைவிட முதலில் பேரம் பேசும் பலம்தான். அந்தப் பலம் வாங்கும் சக்தியாக மாற ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின."

கவனித்தீர்களா, இப்போது உங்கள் கட்டுரைக்குத் தானாக ஒரு அமைப்பு வந்துவிட்டது. முதல் பகுதியில் பேரம் பேசும் பலம் இருந்ததற்கான சான்று: ஆணை, சட்டம், அதை மீறியதற்காக விதிக்கப்பட்ட அபராதங்களின் நீதிமன்றப் பதிவுகள். இரண்டாம் பகுதியில் விலைவாசி ஏன் தடையாக இருந்தது. மூன்றாவதில் அது எப்போது மாறியது. 1381 எங்கே வரும் என்பதும் இப்போது சுவாரசியமாகிவிடுகிறது. வறுமையின் அடிமட்டத்தில் இருந்தபோது கிளர்ச்சி வெடிக்கவில்லை, நிலைமை மேம்படத் தொடங்கிய காலத்தில் வெடித்தது. ஏன்? தலைவரி (ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்த வரி) ஒரு காரணம். எதிர்பார்ப்பு உயர்ந்திருந்தது இன்னொன்றாக இருக்கலாம். இதைக் கேட்டுவிட்டாலே உங்கள் கடைசிப் பத்தி வெறும் சுருக்கமாக இருக்காது.

எதிர்ச் சான்றை மறைக்கும் மாணவரைவிட, அதை இரண்டாம் பத்தியிலேயே எடுத்துவைத்துப் பதில் சொல்லும் மாணவருக்கே நான் எப்போதும் கூடுதல் மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

அடிக்குறிப்பு

பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. சான்று பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன்.

ஓர் ஆவணம் கையில் வந்தால் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? சாம் வைன்பர்க் என்ற ஆய்வாளர் 1991இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வரலாற்று அறிஞர்கள் எட்டுப் பேர், பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர், இருசாராருக்கும் அமெரிக்கப் புரட்சியின் லெக்சிங்டன் மோதல் பற்றிய ஒரே ஆவணங்களைக் கொடுத்து, வாய்விட்டு யோசித்தபடி படிக்கச் சொன்னார். மாணவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்கள். அறிஞர்கள் கண் முதலில் கீழே போனது: யார் எழுதியது, எப்போது, யாருக்காக. அதைப் பார்த்த பிறகுதான் உள்ளே போனார்கள். இவ்வளவுக்கும் அந்த அறிஞர்களில் எல்லோரும் அமெரிக்க வரலாற்றுக்காரர்கள் இல்லை. விவரம் குறைவாகத் தெரிந்தபோதும் படிக்கும் முறை அவர்களைக் காப்பாற்றியது. மேலே நடுப்பக்கம் துறைக்குறிப்பைப் பற்றிச் சொன்னதும் இதே பழக்கம்தான்.

இதற்கு வரலாறும் நீளமானது. நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதியின் அதிகாரத்தைப் போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு சாசனம் இருந்தது. 1440இல் லொரென்சோ வல்லா அதன் லத்தீன் நடையையும் சொற்களையும் ஆராய்ந்து, அந்தக் காலத்தில் அப்படி எழுதியிருக்கவே முடியாது என்று காட்டினார். மொழியறிவை முக்கிய ஆயுதமாக வைத்து ஒரு பெரிய போலி ஆவணத்தை உடைத்தார். இலக்கியமும் வரலாறும் சேர்த்துப் படிக்கும் வினாக்குறிக்கு இவர் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

நடைமுறைக்கு வருகிறேன். மேற்கோள் குறிப்புகளைக் கையால் தட்டச்சு செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். மேற்கோள்களைச் சேமித்து வடிவமைத்துத் தரும் ஸொட்டெரோ என்ற மென்பொருள் இலவசம், 2006 முதல் இருக்கிறது, முதல் வாரத்திலேயே நிறுவிவிடுங்கள். ஆய்வுக் கட்டுரைகளின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் உங்கள் கல்லூரிக்கு அனுமதி இல்லையென்றாலும், சொந்தக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே படிக்கலாம். தத்துவப் பாடம் எடுப்பவர்கள் ஸ்டான்ஃபோர்டு தத்துவக் களஞ்சியத்தில் தொடங்குங்கள். துறை அறிஞர்கள் எழுதியது, கடைசியில் உள்ள நூல்பட்டியலே பெரிய சொத்து.

தத்துவ மாணவர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் ஒன்று: பிளாட்டோவை மேற்கோள் காட்டும்போது ஓரத்தில் இருக்கும் எண்ணும் எழுத்தும் என்ன? 1578இல் ஸ்டெஃபானுஸ் வெளியிட்ட பதிப்பின் பக்க எண்ணும், அந்தப் பக்கத்தின் பகுதியைக் காட்டும் எழுத்தும் அவை. நீங்கள் எந்த மொழிபெயர்ப்பை வைத்திருந்தாலும் அந்த எண் மாறாது. ஆகவே உங்கள் புத்தகத்தின் பக்க எண்ணுக்குப் பதில் அதைக் கொடுங்கள். அரிஸ்டாட்டிலுக்கு இதேபோல 1831ஆம் ஆண்டு பெக்கர் பதிப்பின் எண்கள். இது தெரிந்தால் ஆசிரியர் உங்கள் மேற்கோளை ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார்.

சிறுவரி

எல்லோரும் சொல்வது பயனுள்ளதுதான். ஆனால் ஒரு நேர்மையான கேள்வி. இப்போது ஏஐ-யிடம் கேட்டால் சுருக்கமும் தருகிறது, வாதமும் எழுதித் தருகிறது. இவ்வளவு சிரமம் எதற்கு?

நடுப்பக்கம்

நல்ல கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியது. உங்கள் கல்லூரி விதி என்ன அனுமதிக்கிறது என்பதை முதலில் பாருங்கள், அது இடத்துக்கு இடம் மாறும்.

அதைத் தாண்டி என் கருத்து இது. மேலே வினாக்குறியின் வாக்கியம் எப்படி மாறியது என்று பாருங்கள். "உடனே மேம்பட்டது" என்று எழுதினார், ஒருவர் மறுத்தார், இன்னொருவர் எல்லையைத் திருத்தச் சொன்னார். அந்த மாற்றம் அவர் தலைக்குள் நடந்தது. அடுத்த முறை "உடனே" என்று எழுதும்போது அவர் கை தானாக நிற்கும். தயாராக எழுதிய வாக்கியத்தை வாங்கி ஒட்டியிருந்தால் கட்டுரை கிடைத்திருக்கும், அந்தத் தயக்கம் கிடைத்திருக்காது. நாம் படிக்க வந்தது அந்தத் தயக்கத்தைத்தான்.

அடிக்குறிப்பு

நூலகத்தில் இப்போது அடிக்கடி நடப்பது: மாணவர் ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொண்டுவருவார். ஆசிரியர் பெயர், ஜர்னல், ஆண்டு, பக்கம் எல்லாம் இருக்கும். தேடினால் அப்படி ஒரு கட்டுரையே எழுதப்பட்டிருக்காது. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்களே இப்படி இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி அபராதம் கட்டினார்கள். நீங்கள் கண்ணால் பார்க்காத எதையும் அடிக்குறிப்பில் போடாதீர்கள். இன்னொருவரின் நூலில் பார்த்த மேற்கோள் என்றால், அந்த நூல் வழியாகத்தான் பார்த்தேன் என்று எழுதுங்கள். அது குறைவான விஷயம் இல்லை.

இரவு வகுப்பு

நோட்ஸ் எடுப்பது பற்றி யாரும் பேசவில்லையே. வேலை முடிந்து வந்து படிப்பதால் நான் தெரிந்துகொண்டது ஒன்று. பத்தி பத்தியாகக் காப்பி எடுத்தால் மறுநாள் எதுவும் நினைவிருக்காது. ஒரு பகுதியைப் படித்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டு, என் சொற்களில் நான்கைந்து வரி எழுதுகிறேன். அப்புறம் திறந்து சரிபார்க்கிறேன். எது விட்டுப்போனதோ அதுதான் நான் புரிந்துகொள்ளாதது.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். மறுபடி படிக்கும்போது "தெரியும்" என்று தோன்றுவதை நம்பக் கூடாது.

பக்க எண்ணை மட்டும் அந்த இடத்திலேயே குறித்துவிடுங்கள். அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய நாளில் பக்க எண் தேடுவது கொடுமை.

எதிர்வாதி

நினைவு பற்றி இரவு வகுப்பு சொன்னதை வழிமொழிகிறேன். எழுத்துத் தேர்வுக்கும் இதுவே. முழுக் கட்டுரைகளை மனப்பாடம் செய்து போனவர்கள் கேள்வி சற்றே திரும்பி வந்தால் திணறுவார்கள். பழைய கேள்வித்தாளை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வாக்கியப் பதிலும் மூன்று சான்றும் மட்டும் எழுதிப் பழகுங்கள். முழுதாக எழுதிப் பார்ப்பது சிலவற்றுக்குப் போதும்.

வாசிப்புப் பட்டியல் விஷயத்தில் நடுப்பக்கம் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு புத்தகத்தையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். ஒரு பெரிய வாதத்தை ஒருவர் முந்நூறு பக்கத்துக்கு எப்படித் தாங்கிப் பிடிக்கிறார் என்பதை இயல் இயலாகப் பிய்த்துப் படித்தால் பார்க்க முடியாது. இறுதி ஆண்டில் ஆய்வேடு எழுதும்போது அது கைகொடுக்கும்.

நடுப்பக்கம்

இதை மனதார ஏற்கிறேன்.

சிறுவரி

என் முந்தைய கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி. இன்னொன்று. வீட்டில் "இதைப் படித்து என்ன வேலை" என்று கேட்கும்போது என்ன சொல்வது?

பழைய ஏடு

எந்த வேலைக்கும் உத்தரவாதம் என்று சொல்லாதீர்கள், அது உண்மையும் இல்லை. கலைப்புலப் பட்டத்தில் பெரும்பாலும் நேராக ஒரே ஒரு தொழிலுக்கு வழி இருக்காது. என் மாணவர்கள் பதிப்பகம், சட்டம், அரசுப் பணி, மொழிபெயர்ப்பு, ஆவணக் காப்பகம், ஆசிரியப் பணி, ஊடகம் என்று பல பக்கம் போயிருக்கிறார்கள். பலருக்கு மேற்படிப்போ தொழிற்பயிற்சியோ தேவைப்பட்டது. ஆகவே இரண்டாம் ஆண்டிலேயே கூடுதலாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்னொரு மொழி, தரவுகளைக் கையாளும் பயிற்சி, ஒரு காப்பகத்திலோ பதிப்பகத்திலோ கொஞ்ச காலப் பணி, ஏதாவது ஒன்று. குவிந்து கிடக்கும் காகிதத்திலிருந்து முக்கியமானதைப் பிரித்தெடுத்து, பிறர் நம்பும்படி இரண்டு பக்கத்தில் எழுதத் தெரிந்தவரை எந்த அலுவலகமும் மதிக்கும். அந்தத் திறமையை வீட்டில் காட்ட வேண்டுமென்றால், நீங்கள் எழுதிய நல்ல கட்டுரை ஒன்றை அவர்களிடம் படிக்கக் கொடுங்கள்.

வினாக்குறி

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையை மறுபடி எழுதி, மதிப்பெண்ணுக்காக இல்லாமல் ஆசிரியரிடம் காட்டலாம் என்றிருக்கிறேன். அவர் வாரம் ஒரு முறை மாணவர்களைச் சந்திக்க நேரம் ஒதுக்கியிருக்கிறார். இதுவரை போனதில்லை. போய் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

பழைய ஏடு

அவசியம் போங்கள். யாரும் வராமல் அறையில் காத்திருந்த மணிநேரங்கள் எங்களுக்கு நிறைய உண்டு.

முழுக் கட்டுரையையும் நீட்டி "எப்படி இருக்கிறது" என்று கேட்காதீர்கள், பொதுவான பதில்தான் கிடைக்கும். உங்கள் வாத வாக்கியத்தையும், உங்களுக்கே உறுதியில்லாத ஒரு பத்தியையும் மட்டும் எடுத்துப் போங்கள். "இந்தச் சான்று இந்த முடிவைத் தாங்குமா?" என்று கேளுங்கள். "இதை மறுப்பவர் யார், அவருடைய எந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும்?" என்று கேளுங்கள். நீதிமன்ற அபராதப் பதிவுகளைப் பற்றியும் கேளுங்கள். அதில் இருப்பவர்கள் பிடிபட்டவர்கள் மட்டும்தான். பேசாமல் கூடுதல் கூலி வாங்கிக்கொண்டு போனவர்கள் எந்தப் பதிவிலும் இருக்க மாட்டார்கள், அவர்களைப் பற்றிப் பேச வேறு என்ன சான்று இருக்கிறது என்று. இந்தக் கேள்வியோடு ஒரு முதல் ஆண்டு மாணவர் வந்தால் அந்த ஆசிரியர் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்.

வினாக்குறி

வியாழக்கிழமை போகிறேன் ஐயா. அபராதப் பதிவுகள் அச்சில் எங்கே கிடைக்கும் என்று அடிக்குறிப்பு அவர்களுக்குத் தெரியுமா?

அடிக்குறிப்பு

பெர்த்தா பட்னம் 1908இல் இந்தச் சட்டத்தின் அமலாக்கத்தைப் பற்றி எழுதிய நூலில் தொடங்குங்கள். பின்னிணைப்பில் மூல ஆவணங்களையும் சேர்த்திருக்கிறார். பழைய நூல் என்பதால் அமெரிக்காவில் காப்புரிமை முடிந்துவிட்டது, இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் தேடிப் பாருங்கள். ஆவணங்களில் லத்தீன் நிறைய வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். முதலில் அவருடைய இயல்களைப் படித்துவிட்டு, எந்தப் பதிவு உங்களுக்குத் தேவை என்று முடிவானதும் பக்க எண்ணோடு இங்கே எழுதுங்கள். மொழிபெயர்ப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.